லியோபார்தோ பங்குச் சுவர்

ஒத்தீலியா அப்பாவின் வாயை மூடப் பார்த்தாள். மூடினாள், திறந்துகொண்டது. மறுபடி மூடி, தாடைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டாள். கையை எடுத்ததும் அந்த வாய், இன்னும் ஒரே ஒரு விஷயம் சொல்லிக்கொள்கிறேன் என்பது போல மெல்லத் திறந்தது.

"துணியச் சுத்திக் கட்டுடி," என்றாள் அம்மா திபுர்சியா. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சாவுக்கு வருகிற கூட்டத்துக்காக முறத்தில் காய்ந்த பீன்ஸ் கொட்டையைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த வாயை மூடப் பாக்குறேன். எனக்கே முடியல. நீ மூடிருவியாக்கும்."

ஒத்தீலியா அப்பாவின் சிவப்புக் கைக்குட்டையைத் தாடையைச் சுற்றிக் கொண்டுவந்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். இப்போது அவர் செத்தவர் போல இல்லை. பல்வலி வந்து டவுன் டாக்டருக்காகக் காத்திருப்பவர் போல இருந்தார்.

அப்பா லியோபார்தோ விடியும்போது செத்தார், அதுவும் பேச்சின் நடுவில். எங்கள் ஞாஞூ பேச்சில் வினைச்சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன ஒலி வரும். டவுன்காரர்கள் எங்கள் பேச்சை ஒத்தோமி என்பார்கள், என்னவோ சொல்லிவிட்டுப் போகட்டும். யார் செய்வது, செய்துகொண்டிருக்கிறாரா, செய்து முடித்தாரா, இனிமேல்தான் செய்யப்போகிறாரா என்பதெல்லாம் அந்தச் சின்ன ஒலியிலேயே தெரிந்துவிடும். செய்வது என்ன என்பது அதற்குப் பிறகுதான் வரும். அப்பா சொன்னது அந்த ஒலியை மட்டும். செய்யப்போவது தான், அதுவும் இனிமேல்தான். அதோடு சரி. வினையும் வரவில்லை, மூச்சும் வரவில்லை.

"என்ன செய்யப்போறேன்னு சொல்ல வந்தாரு, தெரியலையேம்மா."

"மூத்திரம் பெய்யப்போறேன்னு சொல்ல வந்திருப்பாரு. அந்த நேரத்துக்கு வேற என்ன பெரிய காரியம் அவருக்கு?"

ஒத்தீலியாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது. ஏதாவது சொல்லலாம் என்று திரும்பினாள். அம்மா கல்லை முறத்திலேயே விட்டுவிட்டு, பீன்ஸைத் தேடித் தேடி எடுத்து வாசலில் எறிந்துகொண்டிருந்தாள். ஒத்தீலியா முறத்தை வாங்கி வைத்துவிட்டு, ஊர்த் தலைவரைப் பார்க்கக் கிளம்பினாள்.

ஊர்த் தலைவர் எலீகியோ அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. ஒத்தீலியாவுக்கு ஞானஸ்நானத்தில் தலையைத் தாங்கிப் பிடித்தவரும் அவர்தான். அதனால் அவள் அவரை ஞானப்பா என்று கூப்பிடுவாள். அவர் தன் கொல்லையில் ஆனைக்கற்றாழையின் குடைவைச் சுரண்டி, கள்ளுக்காக ஊறியிருந்த சாற்றைச் சுரைக்குடுக்கையால் உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தார். அவள் வந்தது தெரிந்தும் நிமிரவில்லை.

"ஞானப்பா, அப்பா போயிட்டாரு."

"தெரியும். உங்க வீட்டு நாய் ஊளை விட்டுச்சு."

"கோயில் மணி அடிக்கச் சொல்லணும். குழி வெட்ட ஆள் அனுப்பணும்."

"குழியா? எங்க?"

"எங்கன்னா? நம்ம கல்லறைத் தோட்டத்துலதான். என் தம்பி பக்கத்துல."

எலீகியோ இப்போது நிமிர்ந்தார். "சுவரு?" என்றார்.

அவள் பயந்தது இதற்குத்தான். எங்கள் ஊரில் பிறப்பதற்கு யாருடைய சம்மதமும் வேண்டாம். புதைபடுவதற்கு ஊர் சம்மதம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஊர்வேலைக்கு வந்து, கால்வாய் தூர்வாரி, ரோட்டுக்கு மண் கொட்டி, கோயிலுக்குச் சுண்ணாம்பு அடித்தவர்களுக்குத்தான் ஊர் மண். கல்லறைத் தோட்டத்துக்கு மதில் எழுப்புவது என்று ஊர் கூடி முடிவு செய்தபோது வீட்டுக்கு ஒரு பங்கு என்று பிரித்தார்கள். வீட்டுப் பெரியவர் தன் கையால் கட்ட வேண்டும், கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே எலீகியோதான். ஒவ்வொருவராகக் கட்டி முடித்தார்கள். ஒரு கையில் விரல் இல்லாத சபீனோகூட முடித்துவிட்டார். லியோபார்தோவின் பங்கு மட்டும் ஓட்டையாக நின்றது, ஒரு கழுதை வண்டி தாராளமாகப் போகிற அளவுக்கு.

"எத்தனை தரம் கேட்டேன் அவன?" என்றார் எலீகியோ. "கட்டுறேன்னான். கட்டிக்கிட்டேதான் இருக்கேன்னான். கட்டப்போறேன்னான். போய்க் கட்டிட்டு வந்துர்றேன்னான். இத்தனை விதமாக் கட்டுனவன் ஒரு கல்ல எடுத்து இன்னொரு கல்லு மேல வெக்கல."

"அந்தக் காலேஜ் பொண்ணு ஞாயித்துக்கிழமை நம்ம பேச்சக் கத்துக்க வந்துட்டிருந்துச்சுல்ல ஞானப்பா. அதோட வேலை இருந்துச்சு அவருக்கு."

"என்ன வேலை? கருவமர நெழல்ல உக்காந்துக்கிட்டு நான் திங்கிறேன், நான் தின்னேன், நான் தின்னுக்கிட்டிருந்தேன்னு சொல்றதா? அது வேலைன்னா என் வீட்டுப் பன்னிதான் இந்த ஊர்லயே பெரிய வேலைக்காரன்."

"ஞானப்பா..."

"என் பொண்டாட்டி குழி மேல செண்டுமல்லிய மலையாக் குவிச்சு வெச்சிருந்தேன். மறுநாள் போய்ப் பாத்தா காம்புகூட இல்ல. அத்தனையும் ஆடு தின்னிருச்சு. ஆடு எந்த வழியா வந்துச்சு? என் பங்கு வழியாவா வந்துச்சு?"

"இப்ப என்ன செய்யச் சொல்றீங்க, தலைவரே?" என்றாள்.

தலைவரே என்றதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. மறுபடி கற்றாழைக்குள் குனிந்துகொண்டார். "டவுனுக்குக் கொண்டு போங்க. அங்க யாரும் சுவர் கேக்க மாட்டாங்க."

வீடு திரும்புகிற வழியெல்லாம் அவளுக்கு அந்த டவுன் கல்லறைதான் கண்ணுக்குள் நின்றது. இஷ்மிகில்பான் டவுனின் கடைக்காரர்களும் வக்கீல்களும் படுத்திருக்கிற இடம். உயிரோடிருந்தபோதே ஸ்பானிஷ் தவிர வேறு பேசாதவர்கள், செத்த பிறகா நம் பேச்சைக் கற்றுக்கொள்ளப்போகிறார்கள்? வாயைக் கட்டினாலும் அடங்காத மனுஷர், பதில் பேச ஒரு ஆள் இல்லாமல் அங்கே கிடப்பார். அதை நினைத்தபோதுதான் காலையிலிருந்து வராத அழுகை வந்தது. முள்வேலியைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதாள்.

மத்தியானத்துக்குள் பெண்கள் சோளமும் சர்க்கரையும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். டவுனிலிருந்து பெட்டி வந்தது. அடுப்பில் மிளகாய்க் குழம்பு கொதித்தது. மணி மட்டும் அடிக்கவில்லை. எல்லோருக்கும் காரணம் தெரியும், யாரும் கேட்கவில்லை. பெட்டிக்கு அடியில் நாய் படுத்துக்கொண்டது, விரட்டினாலும் போகவில்லை.

அப்போதுதான் அந்தப் பெண் ரெனாத்தா வேனிலிருந்து இறங்கி வந்தாள். தலைநகரத்துக் கல்லூரியில் படிக்கிறவள். எங்கள் பேச்சில் வினைகள் எப்படியெல்லாம் மாறுகின்றன என்று தெரிந்துகொள்ள வந்தவள். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று அப்பா அவளிடம் சொன்னார். பிறகு அதை முடிக்காமல் பார்த்துக்கொண்டார். ஞாயிறு தவறாமல் வருவாள், ஞாயிறு தவறாமல் இருவரும் மரத்தடியில் உட்காருவார்கள். ஒத்தீலியா அன்றைக்குச் சந்தையில் கறிக்கான சப்பாத்திக்கள்ளி மடல் விற்றுவிட்டுக் களைத்துப் போய் வரும்போதும் பேச்சு முடிந்திருக்காது. சொந்த மகளிடம் உப்பு இருக்கிறதா என்பதற்கு மேல் பேசாதவர், அவளிடம் மட்டும் அப்படி என்னதான் பேசுகிறார் என்று ஒத்தீலியாவுக்கு எரியும்.

ரெனாத்தா ரொட்டிப் பையைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"க்ஹும்," என்று தொண்டையைச் செருமினாள். "செத்துட்டாரு."

பெட்டிக்கு அடியில் இருந்த நாய் சட்டென்று எழுந்து வாலை ஆட்டியது. அடுப்படியில் ஒருத்தி கரண்டியைக் கீழே போட்டாள். செருமியது லியோபார்தோவேதான். அதே கரகரப்பு, அதே இழுப்பு.

விஷயம் இதுதான். அப்பாவிடம் ஒரு வினையைக் கேட்டால், செய்கிறேன், செய்துகொண்டிருந்தேன் என்று இரண்டு சொல்லிவிட்டு ஒரு மடக்குக் கள் குடிப்பார். குடித்ததும் தொண்டையைச் செருமுவார். செருமிவிட்டு, செய்தேன் என்பார். எப்போதும் அதே வரிசை, அதே மடக்கு, அதே செருமல். வினைக்கு முன்னால் என்னென்னவோ சின்ன ஒலிகள் வருகிற பேச்சில் இதுவும் ஒன்றுபோல என்று அந்தப் பெண் எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் வாயில் முடிந்த காரியம் எதுவும் செருமாமல் வந்ததில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டால், செருமிவிட்டுத்தான் சாப்பிட்டேன் என்பாள். ஒரு தரம் ஒத்தீலியா சொல்லிவிடப் போனாள். அப்பா கையைப் பிடித்து இழுத்தார். "சும்மா இருடி. நாளைக்கு அந்தப் பெரிய காலேஜ்ல எல்லாரும் என்ன மாதிரி இருமுவாங்க," என்றார். அன்று முழுவதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஒரு கிழவரிடம் மட்டுமே பேசக் கற்றவள் என்பதால் ரெனாத்தாவுக்குக் கிழவர் பேச்சுதான் வரும். திபுர்சியாவின் பக்கத்தில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகலோடு உட்கார்ந்தாள்.

"க்ஹும், முட்டி ரெண்டும் போச்சு, புள்ள," என்றாள் அந்தச் சின்னப் பெண்.

"போகாம என்ன செய்யும்," என்றாள் அம்மா வழக்கம்போல. சொன்ன பிறகுதான் யாருக்குப் பதில் சொன்னோம் என்று புரிந்தது. ரெனாத்தாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எலீகியோ வந்தபோது பின்னால் ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். ஓலைத்தொப்பியைக் கழற்றினார், பெட்டிப் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. முற்றத்தின் நடுவில் நின்று, சபையில் பேசுகிற குரலில் ஆரம்பித்தார்.

"நம்ம எல்லாருக்கும் வருத்தம்தான். ஆனா சட்டம் ஊர் போட்ட சட்டம். ஊர்வேலை முடிக்காதவங்களுக்கு..."

"அவரு வேலை செஞ்சாரு," என்றாள் ஒத்தீலியா. அடுப்படியிலிருந்து அகப்பையோடு வந்திருந்தாள்.

"என்ன வேலைன்னு சொல்லும்மா. எல்லாரும் கேக்கட்டும்."

அவளுக்கே தெரியாது. ஒரு ஞாயிறாவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தால்தானே? "ரெனாத்தா, நீ சொல்லு," என்றாள். "எங்கப்பா அந்த மரத்தடியில என்ன செஞ்சாரு?"

ரெனாத்தா திடுக்கிட்டு எழுந்து நின்றாள். எல்லாத் தொப்பிகளும் அவள் பக்கம் திரும்பின.

"க்ஹும். கல் சுமந்தாரு," என்றாள்.

யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். எலீகியோவின் மீசை துடித்தது. "கல் சுமந்தானா? எங்க, சொல்லு பாப்போம்."

அவர் கிண்டலாகக் கேட்டது அவளுக்கு விளங்கவில்லை. பாடம் ஒப்பிக்கச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அப்பாவைப் போலவே ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நான் கல் சுமக்குறேன். நான் கல் சுமந்துக்கிட்டிருந்தேன். க்ஹும், நான் கல் சுமந்தேன். க்ஹும், நீங்க வர்றதுக்கு முன்னாடியே நான் சுமந்து முடிச்சிருந்தேன். நான் கல் சுமப்பேன். போய்ச் சுமந்துட்டு வர்றேன். இந்த ஊர்லயே நான் ஒருத்தன்தான் கல் சுமக்குறேன். மத்தவன் எல்லாம் பாத்துக்கிட்டிருக்கான்."

முதலில் சபீனோ சிரித்தார். பிறகு அடுப்படி சிரித்தது. "போதும்மா, எனக்கு இடுப்பு வலிக்குது," என்று ஒரு கிழவர் கத்தினார். "வாயாலயே ஒரு மலைய எறக்கி வெச்சிருக்கான்யா!" என்றார் இன்னொருவர். சாவு வீடு என்பதே மறந்துபோய் முற்றம் முழுவதும் குலுங்கியது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது திபுர்சியாதான். "இந்தப் பொய்யோடதான் நான் குடும்பம் நடத்துனேன்," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், கன்னமெல்லாம் நனைந்தது.

எலீகியோ மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பிறகு சபைக் குரல் இல்லாமல் சொந்தக் குரலில் கேட்டார். "கல்லு மட்டுந்தான் சொல்லிக் குடுத்தானா? வேற ஒண்ணும் இல்லையா?"

"நெறைய. திங்கிறது, தூங்குறது, கழுதைய அடிக்கிறது, காத்திருக்கிறது..."

"காத்திருக்கிறதா? யாரு காத்திருக்கிறது?"

"அதுக்கு எப்பவும் எலீகியோதான்," என்றாள் ரெனாத்தா. அந்த எலீகியோ எதிரில் நிற்கிறவர்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தயங்கினாள். ஒத்தீலியா அவளைப் பார்த்து, சொல்லு என்று தலையை ஆட்டினாள்.

"எலீகியோ எனக்காகக் காத்திருக்கான்," என்று ரெனாத்தா மெதுவாகச் சொன்னாள். "போன வாரமும் காத்துக்கிட்டிருந்தான். க்ஹும், ரொம்ப நேரம் காத்திருந்தான். நான் போகலன்னாலும் காத்திருப்பான். நான் போவேன். நாங்க ரெண்டு பேரும் கட்டுவோம்."

நாங்கள் ரெண்டு பேர் மட்டும், மூன்றாமவர் இல்லை என்பதற்கு எங்கள் பேச்சில் தனியாக ஒரு வழி உண்டு. புருஷன் பெண்டாட்டிக்குள் புழங்குவது அது, பழைய கூட்டாளிகளும் அப்படிப் பேசுவார்கள். ரெனாத்தா அதைத்தான் சொன்னாள், துளிப் பிசகு இல்லாமல்.

எலீகியோ தொப்பியை விளிம்பைப் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"ரொம்ப நேரம்னா சொன்னான்?"

"ஆமா."

"ரொம்ப நேரந்தான்," என்றார். "கள்ளு புளிச்சுப் போற வரைக்கும்."

ஒத்தீலியாவுக்கு ஞாபகம் வந்தது. ஞாயிறு சாயங்காலம் சந்தையிலிருந்து திரும்பும்போதெல்லாம் அவரைப் பார்த்திருக்கிறாள். அப்பாவின் ஓட்டைக்கு அடுத்த பங்கு அவருடையது. அதில் சாய்ந்து தனியாக உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் கள் குடம் இருக்கும். ஆட்டை விரட்டக் காவல் இருக்கிறார் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

எலீகியோ தொப்பியைத் தலையில் வைத்து, உடனே தப்பு என்று உணர்ந்து எடுத்துவிட்டார். "சட்டத்துல மாத்தம் இல்ல," என்றார் எல்லோரையும் பார்த்து. "சுவர் முடிக்காதவன் கல்லறை வாசலத் தாண்டி உள்ள வரக் கூடாது. ஊர் போட்டது. நானே போட்டது."

ஒத்தீலியா அகப்பையை இறுகப் பிடித்தாள்.

"வாசலத்தான் தாண்டக் கூடாது," என்றார் எலீகியோ. "அவன் விட்டு வெச்சிருக்கிற ஓட்டை என்னத்துக்கு இருக்கு? பெட்டியத் தூக்குங்க. எவனாவது ஓடிப்போய் மணிய அடிங்கடா."

சாயங்கால வெயிலில் ஊர்வலம் போனது. முன்னால் இரண்டு டிரம்பெட், நடுவில் பெட்டி, பின்னால் பெண்கள், எல்லோருக்கும் பின்னால் நாலு ஆடுகள். ஆடுகளுக்கு அந்த வழி பழக்கம். அழகாகச் சுண்ணாம்பு அடித்த வாசலைத் தாண்டி, மதிலோரமாகச் சுற்றிக்கொண்டு போய், ஓட்டைக்குள் பெட்டியை நுழைத்தார்கள். அத்தனை அகலமான ஓட்டையிலும் ஒரு பக்கம் இடித்தது. "உள்ள போறதுக்கே இடிச்சுக்கிட்டுத்தான் போவியா?" என்று எலீகியோ பெட்டியைப் பார்த்துக் கேட்டார். அன்றைக்கு அவர் அப்பாவிடம் பேசிய முதல் பேச்சு அது.

ஜெபம் சொல்லி, மண் தள்ளி, பூப் போட்டு முடித்ததும் ஆண்கள் தொப்பியை மாட்டினார்கள்.

"எங்க கெளம்புறீங்க?" என்றார் எலீகியோ. "ஆடு நிக்கிறது தெரியலையா?"

வீட்டுப் பெரியவர் தன் கையால்தானே கட்ட வேண்டும் என்று சபீனோ இழுத்தார். பெரியவர் உள்ளே படுத்திருக்கிறார், இப்போது வீட்டைத் தாங்குகிற பெரியவள் இவள்தான் என்று எலீகியோ ஒத்தீலியாவைக் காட்டினார். "அவ வெப்பா. எடுத்துக் குடுக்கிறதுக்கு எவனும் சட்டம் போடல."

ஓடையிலிருந்து ஓட்டை வரை ஊரே வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றியது. ரெனாத்தாவும் நின்றாள். கல் சுமப்பதை அத்தனை விதமாகச் சொல்லத் தெரிந்தவள், முதல் கல்லைத் தூக்கிய வேகத்தில் காலிலேயே போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டதும் லியோபார்தோ கழுதையைத் திட்டுகிற வார்த்தை ஒன்று அவள் வாயிலிருந்து முழுசாக வந்தது. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். "அதையுமாடி சொல்லிக் குடுத்தாரு?" என்றாள் திபுர்சியா, பெருமையோடு.

சுவர் வளர வளர எலீகியோ தன் கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு உள்பக்கத்தில் நின்று ஒவ்வொரு கல்லையும் தட்டி, தன் பங்கோடு சேர்த்துப் பொருத்தினார். ஒத்தீலியா வெளிப்பக்கம் இருந்தாள். விடியும்போது அப்பா பாதியில் விட்ட பேச்சைப் பற்றி எலீகியோவிடம் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"கட்டப்போறேன்னுதான் சொல்ல வந்திருப்பான்," என்றார் கல்லைத் தட்டிக்கொண்டே.

"மூத்திரம்," என்றாள் அம்மா தூரத்திலிருந்து.

ஒத்தீலியா அடுத்த கல்லை வாங்கி வைத்தாள். சுவர் அவள் தலைக்கு மேல் போனது. எலீகியோவின் தொப்பி மறைந்தது. மற்றவர்கள் குழம்பு ஆறிப்போகும் என்று கிளம்பினார்கள், ரெனாத்தா நொண்டிக்கொண்டே அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். மேல் வரிசையில் ஒரு கல்லுக்கு மட்டும் இடம் மிச்சம் இருந்தது. காலுக்கு இரண்டு கல்லைப் போட்டு ஏறி, கடைசிக் கல்லைத் தூக்கி அதில் உட்காரவைத்தாள். இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாள். ஆடவில்லை.

"என்ன புள்ள, வெச்சாச்சா?" என்று எலீகியோ அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்.

அவள் தொண்டையைச் செருமினாள்.

"க்ஹும்," என்றாள். "வெச்சேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் குடத்திலிருந்து ஒரு குவளைக்குக் கள் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அது நின்றது. இன்னொரு குவளைக்கு ஊற்றுகிற சத்தம் கேட்டது.